ஆறாவது கட்டம்

போட்டி விண்ணப்பத்தில் ஆறாவது கட்டம்:
நாடகத்தின் கருப்பொருள், ஒரே வரியில்.
கட்டத்தின் அகலம் என் கட்டைவிரல் அளவு.

"நீதி கிடைக்கத் தாமதமாகிறது, எழுது" என்றான் சம்சு.
"தாமதமான நீதி. எடம் மிச்சம்" என்றான் எசேக்கியல்.
எழுதி இயக்கிய தேசிங்கு
டீ கிளாஸின் அடியைப் பார்த்துக்கொண்டு
"எனக்கு இன்னா தெரியும், நான் எழுதுனவன்தானே" என்றான்.
பென்சிலால் எழுதிவைத்தேன்.

பகலில் எனக்குத் துறைமுகத்தில் டேலி வேலை.
கன்டெய்னரை எண்ண வேண்டும்.
சீல் உடையவில்லையா, நம்பர் சரியா,
உள்ளே என்ன என்பது என் பாடு இல்லை.
சாயங்காலம் கொருக்குப்பேட்டை சங்கக் கூடத்தில்
மூன்று விளக்குக்கும் ஒரு டிம்மருக்கும் நான் பொறுப்பு.
கை ஸ்விட்சில் கிடக்கும்.
கண் பழக்கதோஷம், எண்ணிக்கொண்டிருக்கும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை.
பாய்லர் வெடித்துச் செத்தவனின் வீடு.
நஷ்டஈட்டுக்கு அலைகிறார்கள்,
நான்கு காட்சி, நான்கு ஆபீஸ்.

'நாளைக்கு' இருபத்துமூன்று முறை வருகிறது.
'நீதி' ஒரே முறை, வக்கீல் வாயில்,
அதுவும் நீதிமன்றத்தின் முதல் பாதியாக.
மீதியைக் கூட்ஸ் வண்டி விழுங்கிவிட்டது.
செத்தவன் பெயரை யாரும் சொல்லவில்லை.
ஒன்பது ஒத்திகை பார்த்தவனுக்கு
பத்தாவதில்தான் அது உறைத்தது.

அப்புறம் ஃபிலோமினா.
காசிமேட்டில் இறால் உரித்துவிட்டு
விரல் நுனியெல்லாம் வெளுத்து வந்து நிற்பாள்.
செத்தவனின் பெண்டாட்டி வேஷம், மொத்தம் பதினோரு வசனம்.
ஒவ்வொரு காட்சியிலும்
கொடியிலிருந்து அதே சட்டையை எடுத்து மடிக்கிறாள்.
முதலில் கடையில் மடிப்பதுபோல், காலர் மேலே தெரிய.
அடுத்து நோட்டுப்புத்தகம் அளவு.
மூன்றாவதில் வெற்றிலைப் பொட்டலம்.
பிரதியைப் புரட்டிப் பார்த்தேன்,
சட்டை என்ற சொல்லே அதில் இல்லை.

போட்டி நாள். கூடத்தில் அறுபது பேர்,
முன்வரிசையில் நடுவர்கள் மூவர், அவர்களுக்கு மட்டும் ஃபேன்.
நான்காம் காட்சி.
சம்சு கறுப்புக் கோட்டில் நடுமேடைக்கு வந்து
மூன்று பக்க வசனத்தைத் தொடங்குகிறான்.
விளக்கு அவன்மேல் இருக்க வேண்டும்.
ஓரத்து அரை இருட்டில் ஃபிலோமினா
சட்டையைக் கைமுஷ்டி அளவுக்கு அமுக்குகிறாள்,
விட்டால் விரிகிறது, திரும்ப அமுக்குகிறாள்,
அரிசி டிரம்மைத் திறந்து உள்ளே வைத்து
மூடியின்மேல் கையைப் பதித்து நிற்கிறாள்.

என் கை என்னைக் கேட்கவில்லை.
நடு விளக்கை இறக்கி ஓரத்தை ஏற்றியது.
சம்சு இருட்டுக்குள் இந்தியத் தண்டனைச் சட்டம் பேசினான்.
பின்வரிசையில் யாரோ ஒரு குழந்தை
"அந்தச் சட்டைக்கு மூச்சு முட்டாதா" என்றது.
யாரும் சிரிக்கவில்லை.

முடிந்ததும் சம்சு என் சட்டைக்காலரைப் பிடித்தான்,
நியாயம்தான்.
விண்ணப்பத்தை எடுத்துப் பென்சிலை அழித்தேன்.
என்ன எழுதுவது?
துக்கம் என்றால் யாருக்கும் பொருந்தும்.
மறதி என்றால் பொய், நினைவு என்றால் காலண்டர் வாசகம்.
'சட்டை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஃபிலோமினாவிடம் கேட்டேன், ஏன் அப்படி மடித்தாய் என்று.
"கை சும்மா கீதுன்னா அழுதுடுவேன்.
அழுவாதேன்னு தேசிங்கு சொல்லிக்கீறாரு."
அவ்வளவுதான். பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.
ஒரு நாடகத்துக்குள் என்ன இருக்கிறது என்று
நாடகத்துக்குள் இருப்பவர்களிடம் கேட்கக்கூடாது போல.
அல்லது அவள் சொன்னதுதான் மொத்தமுமோ என்னவோ,
இன்னும் கணக்கு நேராகவில்லை.

மதிப்பெண் தாள் வந்தது:
நடிப்பு எட்டு. ஒளியமைப்பு, கவனக்குறைவு, நான்கு.
கருப்பொருள், தெளிவில்லை, பத்துக்கு இரண்டு.

சட்டை என்னுடையது, இரவல் கொடுத்திருந்தேன்.
திங்கட்கிழமை அதையே போட்டுக்கொண்டு ஜீரோ கேட்டில் நின்றேன்.
"இன்னாபா, அயர்ன் பண்லியா" என்றார் செக்யூரிட்டி.
பண்ணினேன், இரண்டு தடவை.
நெஞ்சில் மட்டும் பதினேழு மடிப்பு, எண்ணிவிட்டேன்.
ஒவ்வொன்றிலும் கொஞ்சம் அரிசித் தவிடு.
டிரெய்லர் வந்தது.
சீல் சரி, நம்பர் சரி.
உள்ளே என்ன என்று
முதல்முறையாக டிரைவரைக் கேட்டேன்.